கலெக்டரம்மாவின் கிரியேட்டினின்

போன மாதம் உத்தமபாளையத்தில் ஒரு கூட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் நிவாரணத் தொகை இழுத்தடிக்கப்படுவது பற்றிப் பேசி முடித்துவிட்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். ஏழு மணியானதும் நான் பையை எடுத்தேன். "என்னக்கா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்றான் ஒரு தம்பி. சட்டக் கல்லூரியில் படிக்கிறான், கெட்டிக்காரன்.

"பூனைக்கு டிரிப்ஸ் ஏத்தணும்ப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நம்ம சனம் டயாலிசிஸுக்கு வரிசையில கிடக்குது. நீங்க பூனைக்கு டிரிப்ஸ் ஏத்துறீங்க. இதெல்லாம் வசதியான வீட்டு வேலை இல்லையா?"

நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். நியாயமான கேள்விதான். அவன் வயதில் நானும் இதையேதான் கேட்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் காரமாக. அன்றைக்கு டீக்கடையில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்குச் சொந்த ஊர் கோம்பை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், பண்ணைப்புரத்துக்குப் பக்கம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் நாயைத்தான் கேட்பார்கள். செம்பழுப்பு உடம்பு, கருத்த மூஞ்சி, ஜமீன் காலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம். 2020இல் பிரதமர் தன் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பட்டியல் போட்டபோது ராஜபாளையம், சிப்பிப்பாறையோடு கோம்பையையும் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த வாட்ஸப் வாழ்த்துகளைப் பார்த்தால் நானே ஏதோ குட்டி போட்டதுபோல இருந்தது.

நாய் என்றால் நமக்கு வேறு சில விஷயங்களும் நினைவுக்கு வரும். சேரியில் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று தென்மாவட்டங்களின் சில ஊர்களில் தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடுமாம். நாயின் இனச்சேர்க்கைக்குக்கூட அகமண முறை! 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்ட காட்சியைப் பார்த்து நம்மில் பலர் தியேட்டரில் அழுதது வெறும் நாய்க்காக இல்லை.

பூனைக்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை. அது காவல் காக்காது, வேட்டைக்கு வராது, கூப்பிட்டாலும் வராது. எங்கள் பூனை ஊர்த் தெருவுக்குப் போகும், திரும்பி வரும். நான் இன்று வரை கால் வைக்காத அடுப்படிகளுக்குள் அவள் எத்தனையோ தடவை போய் மீன் துண்டோடு வந்திருக்கிறாள். குறுக்கே போனால் மட்டும் சகுனம் சரியில்லை என்பார்கள். விடியற்காலையில் தாத்தா எதிரே வந்தாலும் அப்படித்தான் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்களாம். அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார், "பூனைக்கும் நம்மளுக்கும் ஒரே ராசி தாயி."

2010இல் ஒரு மழை நாளில், திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்த அப்பாவின் துண்டுக்குள் இருந்தது அந்தக் குட்டி. சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளை. மூன்றாவது நாளே வீட்டில் ஒவ்வொரு பானையாக, ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்து பார்த்துக்கொண்டு நடந்தது. "கலெக்டர் ஆய்வுக்கு வந்துட்டாக, எல்லாரும் எந்திரிங்க" என்றார் அப்பா. அதுவே பெயராகிவிட்டது. நான் கலெக்டர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. நான் சமூகவியல் படிக்கப் போய்விட்டேன். "நீ ஆகாட்டிப் போ. நம்ம வீட்டுல ஒரு கலெக்டரம்மா இருக்காக" என்பார். இன்றைக்கும் எங்கள் தெருவில், "உங்க கலெக்டரம்மா எங்க வீட்டுப் பாலைக் குடிச்சிட்டாக" என்று மரியாதையோடுதான் புகார் வரும்.

போன வருடம் ஐப்பசியில்தான் முதலில் கவனித்தோம். கலெக்டரம்மா ஓயாமல் தண்ணீர் குடித்தாள். குடத்தடியில், மாட்டுத் தொட்டியில், பாத்திரம் விளக்கும் இடத்தில். பூனை தண்ணீருக்கு அலையும் பிராணி இல்லை. வீட்டுப் பூனையின் மூதாதை பாலைவன ஓரத்துக் காட்டுப்பூனை. குறைந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, சிறுநீரைக் கெட்டியாக்கிக் கழிக்கப் பழகிய உடம்பு அது. அந்த உடம்பு தண்ணீர் தண்ணீர் என்று அலைந்தால் உள்ளே வடிகட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது எனக்கு அது தெரியாது. வெயில் என்று நினைத்தேன். பிறகு இளைத்தாள். சாப்பாட்டை முகர்ந்து பார்த்து உதட்டை நக்கிவிட்டு நகர்ந்தாள். ஒரு நாள் மடியில் வந்து படுத்து வாயைத் திறந்து கொட்டாவி விட்டாள்.

அந்த வாடை எனக்குத் தெரியும். மூத்திரமும் துருவும் கலந்ததுபோல ஒரு வாடை. பத்து வருடத்துக்கு முன்பு, கடைசி ஒரு மாதம், அப்பாவின் வாயிலிருந்து வந்த வாடை. அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து முகர்ந்து பார்த்தது. ஒன்றும் பேசவில்லை. போய்க் காய்கறிக் கூடையைக் காலி செய்து, அதற்குள் அப்பாவின் பழைய வேட்டியை விரித்தது.

தேனிக்கு பஸ். கண்டக்டர் கூடையைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். "கலெக்டரம்மா" என்றது அம்மா. டிக்கெட் கேட்கவில்லை.

நாங்கள் போனது ஒரு பெண் கால்நடை மருத்துவரிடம். முதலில் அம்மாவை உட்காரச் சொன்னார். என்னை இல்லை, அம்மாவை. ரத்தம் எடுத்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். பூனைக்கு வாலிலோ காலிலோ சின்னப் பட்டை கட்டி பிரஷர் பார்ப்பார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் முடிவு வந்ததும் ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் படம் வரைந்தார். அவரைவிதை மாதிரி இரண்டு. உள்ளே புள்ளி புள்ளியாக. "இதெல்லாம் டீ வடிகட்டி மாதிரிம்மா. பூனையோட ஒரு கிட்னியில ஏறக்குறைய ரெண்டு லட்சம் இருக்கும். வயசாக ஆக ஒண்ணொண்ணா அடைஞ்சு போயிடும். போனது திரும்பி வராது. மிச்சம் இருக்கிறது ரெண்டு மடங்கு வேலை பார்க்கும். அதனால வெளிய தெரியாது. முக்கால்வாசி போனதுக்கு அப்புறம்தான் ரத்தத்துல இந்த நம்பர் ஏறும்." அந்த நம்பருக்குப் பெயர் கிரியேட்டினின். தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். பூனைக்கு 1.6க்குக் கீழே இருக்க வேண்டும். கலெக்டரம்மாவுக்கு 4.1. நோயில் நான்கு நிலை, 2.9இலிருந்து 5 வரை மூன்றாம் நிலை. "குணமாகாது. ஆனா வலி இல்லாம, வாந்தி இல்லாம, சாப்பிட்டுக்கிட்டு கொஞ்ச நாள் நல்லா இருக்க வைக்கலாம். உங்களால என்ன முடியும்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன நாம பண்ணுவோம்."

இருபது நிமிடம் பேசினார். அம்மா நடுவில் ஐந்தாறு கேள்வி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா அந்தப் படத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டது, "ஏத்தா, உங்க அப்பாவுக்கு எவ்வளவு இருந்துச்சு?"

எனக்குத் தெரியாது. பத்து வருடமாகத் தெரியாது.

அப்பாவின் ஃபைல் வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருந்தது, ரேஷன் கார்டின் பழைய நகலுக்கும் என் சாதிச் சான்றிதழுக்கும் அடியில். அன்று இரவு எடுத்தேன். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை, அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. 2014. கிரியேட்டினின் 7.4. மனிதர்களுக்கு ஏறக்குறைய 1.2ஐத் தாண்டக் கூடாது. யூரியா 190. ஹீமோகுளோபின் 6.8. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாக எழுதியிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: 'எம்.ஹெச்.டி. அட்வைஸ்டு. அட்டெண்டர் நாட் வில்லிங்.' கீழே அம்மாவின் கையெழுத்து. தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த அம்மாவின் கோணல் கையெழுத்து.

தொடர் டயாலிசிஸ் செய்யச் சொன்னோம், கூட இருப்பவருக்கு விருப்பமில்லை. இதுதான் அந்த வரியின் அர்த்தம்.

அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. காலை ரவுண்ட்ஸ். ஆறேழு பேர் வெள்ளைக் கோட்டு. ஒருவர் நின்ற வாக்கில், "ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும், வாரம் ரெண்டு வாட்டி வரணும், ஆயுசு பூரா. முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். "அவரைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்றது அம்மா. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் நர்ஸ் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அம்மா போட்டது. சாயந்திரம் டிஸ்சார்ஜ். "உப்பைக் குறைங்க" என்று மட்டும் ஒருவர் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

நான் அப்போது விழுப்புரம் பக்கம் ஒரு திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். செய்தி கேட்டு வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். ஃபைலை என் கையில்தான் கொடுத்தார்கள், நான்தானே படித்தவள். புரட்டினேன். எம்.என். சீனிவாஸ் தெரியும், துய்மோன் தெரியும், சாதியைப் பற்றி முப்பது பக்கம் கட்டுரை எழுதத் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிக்கத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். வயதான உடம்பு, டாக்டரே அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு வயது 54. அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் காசில்லாமல் செய்யலாம் என்பதும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அது உண்டு என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். இருபத்தி மூன்று நாள் இருந்தார்.

என் பூனைக்குக் கிடைத்த இருபது நிமிடமும் ஒரு படமும் என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. தம்பி, உன் கேள்வியில் இருக்கும் கோபம் இந்த இடத்தில்தான் விழ வேண்டும். பூனைக்கு ஏன் கிடைத்தது என்ற பக்கம் போகாதே.

அவருக்கு எதனால் வந்தது? இனி அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பிரஷர் யாரும் பார்த்ததே இல்லை. இருபது வருடம் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு திராட்சைக்கு மருந்தடித்தவர். சீசனில் மலைக்கு மேலே ஏலத்தோட்டம். வெயிலில் வேலை செய்து, தண்ணீர் போதாமல், விவசாயக் கூலிகளுக்கு சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் கெடுவது உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து, ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்தில், மத்திய அமெரிக்காவின் கரும்புக் காடுகளில். வெப்பமா, பூச்சிமருந்தா, நிலத்தடி நீரா என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதிக்கிறார்கள். நோயாளி யார் என்பதில் விவாதம் இல்லை, எல்லா இடத்திலும் கூலிக்காரன்தான்.

தண்ணீரைப் பற்றி அப்பா சொன்ன ஒரு விஷயம். அவர் சின்ன வயதில் வேலைக்குப் போன தோட்டங்களில் கிணற்றில் இறங்க முடியாது. தாகம் எடுத்தால் யாராவது வந்து கையில் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். "நாலு தடவை கேட்டா ஒரு தடவை ஊத்துவாக. அப்புறம் கேக்குறதையே விட்டுட்டேன்." இன்றைக்கு ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் நம் பெண்கள் வேறு காரணத்துக்காகத் தண்ணீரை விடுகிறார்கள். அங்கே ஒதுங்க இடம் கிடையாது. காலையில் ஒரு சொம்பு, வீடு திரும்பி ஒரு சொம்பு. 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததை மேடைக்கு மேடை பேசுகிறோம். அன்றைக்கு அவர் கேட்ட உரிமையின் ஒரு பாதி சிறுநீரகத்துக்கானது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கலெக்டரம்மா எந்தக் குடத்தில் வேண்டுமானாலும் வாய் வைப்பாள். யாரும் கழுவி ஊற்றியதில்லை.

அப்புறம் அந்த மாத்திரை. எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கூரையைத் தடவினாலும் ஓர் அட்டை கிடைக்கும். 'வலி மாத்திரை' என்று கேட்டால் பெட்டிக்கடையிலேயே தருவார்கள், பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். அப்பா ராத்திரிக்கு ஒன்று போடாமல் படுத்ததில்லை. இல்லாவிட்டால் மறுநாள் டின்னைத் தூக்க முடியாது. தினசரி, வருடக்கணக்கில், தண்ணீர் குறைந்த உடம்பில் அது போனால் சிறுநீரகத்தை அரிக்கும். கலெக்டரம்மாவுக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதலில் இருந்தது மனிதர்களுக்கான வலி மாத்திரைகள். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் என்று இரக்கப்பட்டு யாரும் கொடுத்துவிடாதீர்கள்.

டைக்ளோஃபெனாக்குக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990களில் இந்தியாவில் பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மாடுகளுக்குப் போட்ட இந்த மருந்துதான் காரணம் என்று 2004இல் தெரிந்தது. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை அரசு தடை செய்தது. சரியான முடிவு. கழுகு வேண்டும். செத்த மாட்டைத் தூக்கிய நம் பாட்டன்களும் அதைத் தின்று முடித்த கழுகுகளும்தான் இந்த ஊர்களை நாறாமல் வைத்திருந்தார்கள். கழுகின் சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது என்று அறுத்துப் பார்க்க முடிந்த ஒரு நாட்டில், மருந்தடிக்கும் கூலியின் ரத்தத்தை வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க முடியவில்லை. இந்த மாநிலத்தில் கிட்னி என்ற சொல்லே நம் ஏழைகள் காதில் விழுந்தது பெரும்பாலும் விற்கும்போதுதான். வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வைத்துச் சிரித்தவர்கள் நாம்.

பூனை வைத்தியத்துக்கு வருகிறேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் தோலுக்கடியில் நூறு மில்லி ரிங்கர் லாக்டேட் ஏற்ற வேண்டும். நரம்பு தேட வேண்டாம். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்தினால் போதும். எங்கள் வீட்டு உத்திரத்தில் எனக்குத் தூளி கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறது. பாட்டிலை அதில் மாட்டுவோம். ஏற்றுவதற்கு முன் வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் நடுங்குவாள். முதல் நாள் என் கை நடுங்கி ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. தண்ணீர் எல்லாம் முடியில். கலெக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் சஸ்பெண்ட் ஆர்டர் தெரிந்தது. அம்மாதான், "பயப்படாத. கோழிக்கு ஊசி போடல நீ?" என்று தோலைப் பிடித்துக் கொடுத்தது. ஏற்றி முடித்ததும் முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி நிற்கும். கொஞ்ச நேரத்தில் முன்னங்காலுக்கு இறங்கும். ராத்திரிக்குள் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காலையில் பசி வரும்.

சாப்பாட்டில் பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும். அதற்கென்று விற்கும் தீவனத்தின் விலையைக் கேட்டுவிட்டு அம்மா, "அதை நாம திங்கலாம்போல" என்றது. அதனால் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு, உப்பில்லாத கொஞ்சம் கோழி, மருத்துவர் சொன்ன அளவில். எலும்பு, பால், கருவாடு கிடையாது. பிரஷருக்கு ஆம்லோடிபின். அம்மா சாப்பிடுவதும் அதுதான். அம்மாவுடையதை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பூனையுடையதை நான் கடையில் வாங்கி, கடுகளவுக்கு உடைத்துக் கொடுக்கிறேன். ஒரே நேரத்தில் இருவரும் மாத்திரை போடுவார்கள், அம்மா தண்ணீரோடு, கலெக்டரம்மா கடியோடு. எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஆகிறது. என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. மறைக்கவில்லை.

வசதியான வீட்டு வேலை என்றான் தம்பி. தாயில்லாத ஆட்டுக்குட்டிக்குத் துணியில் பால் நனைத்துக் கொடுத்து ராத்திரி முழுக்க மடியில் வைத்திருந்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். கால் ஒடிந்த கோழிக்கு மூங்கில் பத்தை கட்டிய பெரியப்பாவைப் பார்த்திருக்கிறேன். இதற்கு 'பெட் பேரண்ட்' என்று பெயர் வைத்தவர்கள் வேறு யாரோ. ஆடு, கோழி உதவும், கிழட்டுப் பூனை எதற்கு உதவும் என்றால், உண்மை, ஒன்றுக்கும் உதவாது. எலி பிடித்து ஐந்து வருடம் ஆகிறது. ஒருவர் எவ்வளவு வேலை செய்வார் என்பதை வைத்து அவர் உயிருக்கு விலை போடும் வேலையைத் தோட்டக்காரர்கள் செய்கிறார்கள். நம் வீட்டுக்குள்ளும் அதை நாமே செய்ய வேண்டுமா என்பது என் சந்தேகம்.

டிரிப்ஸ் ஏறும் நாளில் எங்கள் வாசலில் கூட்டம் கூடும். எதிர்வீட்டுப் பெரியம்மா தினமும் விடியுமுன்னே கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். ஒரு நாள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார், "ஏத்தா, இந்த நம்பர் டெஸ்டு மனுசங்களுக்கும் எடுப்பாகளா?" எடுப்பார்கள் என்றேன். "எனக்குக் காலு ரெண்டும் வீங்குது." எத்தனை வருடமாக வலி மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார், பிறகு இன்னொரு கையையும்.

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 1.9. மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பிரஷருக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். எழுந்திருக்கச் சொன்னபோது நான் எழவில்லை. "சார், இவங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு படம் போட்டுக் காட்டுங்க" என்றேன். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றார். தெரியும் சார் என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு போட்டார். மோசமான படம்தான், கத்தரிக்காய் மாதிரி இருந்தது. ஆனால் பெரியம்மாவுக்குப் புரிந்தது. மாத்திரையை நிறுத்தினால் வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அதற்கு டாக்டரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. இப்போது வாரத்தில் நான்கு நாள்தான் போகிறார். கூலியும் நான்கு நாளுக்குத்தான்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். யாரையாவது மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால், ஃபைலை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். புரியாத சுருக்கெழுத்தைக் கேளுங்கள். 'நாட் வில்லிங்' என்று எங்காவது இருந்தால், யாரிடம் எந்த மொழியில் கேட்டு அப்படி எழுதினீர்கள் என்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்கக் கற்றுக்கொண்ட நாம் இதையும் கற்றுக்கொள்ளலாம்.

அந்தத் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். நான் இவ்வளவையும் சொன்னேன். அப்பாவின் ஃபைலைக் காட்டினேன். அந்த வரியை இரண்டு தடவை படித்தான். "இது வழக்கு போடவேண்டிய விஷயம்க்கா" என்றான். பூனை விஷயத்தில் அவன் மனம் மாறவில்லை, அந்த இரண்டாயிரம் ரூபாயை வேறு எதற்காவது கொடுக்கலாம் என்றே இன்னும் நினைக்கிறான். ஆனால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கலெக்டரம்மா அவன் விரலைக் கடித்தாள்.

போன வாரம் எடுத்ததில் 4.8. எடை இரண்டே முக்கால் கிலோவுக்கு இறங்கிவிட்டது. பின்னங்கால் தள்ளாடுகிறது. இனி மாதக் கணக்குதான் என்றார் மருத்துவர்.

நேற்று ராத்திரி தூக்கம் கலைந்து எழுந்தேன். அடுப்படியில் விளக்கு எரிந்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தது, மடியில் கலெக்டரம்மா. அம்மாவின் கையில் ஒரு நெத்திலிக் கருவாடு, தலையைக் கிள்ளி எடுத்தது. "அம்மா, உப்பும்மா, ஆகாதுன்னு சொன்னாங்கல்ல" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான்" என்றது. "அவரு கடைசி வாரம் பூரா கருவாட்டுக் குழம்பு கேட்டாரு. நான் குடுக்கல."

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கலெக்டரம்மா மெதுவாக, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு தின்றாள்.